முதலில் அடை, பிறகு கேள்வி
நான்காம் அத்தியாயம்: மிஷன் மேல்நிலைப் பள்ளி வகுப்பாசிரியருக்கு

உங்கள் வகுப்பில் 45 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் ஒருவருக்காவது இந்த வாரம் ஏதோ நடந்திருக்கும். அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்திருப்பார். பஸ் ஸ்டாப்பில் ஒருவன் தினமும் வழிமறித்திருப்பான். கணக்கில் 12 மார்க் வாங்கிய பேப்பரில் அவளே அப்பா கையெழுத்தைப் போட்டிருப்பாள். இதை முதலில் கண்டுகொள்ளக்கூடியவர் தலைமையாசிரியர் இல்லை, சாப்ளின் ஐயாவும் இல்லை. தினமும் காலையில் பெயர் கூப்பிடுகிற நீங்கள்தான்.

மிஷன் பள்ளியில் பராமரிப்பு என்றாலே ஜெபமும் புத்திமதியும்தான் நினைவுக்கு வரும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பிறகு ஒருநாள், எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து சாவைக் கேட்கிற பகுதியை நிதானமாகப் படித்தேன். வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் தூங்கினார், தூதன் தடுக்கவில்லை. இரண்டாம் முறை எழுப்பியதும் சாப்பிடச் சொல்லத்தான். கேள்வி வந்தது நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில். அங்கேயும் தன் மனக்குறையை எலியா இரண்டு முறை முழுதாகச் சொல்ல முடிந்தது. அதற்குப் பிறகு எலிசா துணையாகக் கிடைத்தார். சாப்பாடு, தூக்கம், கேள்வி, சொல்லி முடிக்க அவகாசம், ஒரு துணை. இந்த அத்தியாயமும் அதே வரிசையில் போகிறது.

தொடங்கும் முன் நான்கு ஏற்பாடுகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே இவற்றை முடித்துவிடுங்கள். பிரச்சினை வந்த பிறகு இடம் தேடினால் வராந்தாவில் நின்றுதான் பேச வேண்டியிருக்கும்.

1. இடம். பேசுவது வெளியே கேட்கக் கூடாது, உட்கார்ந்திருப்பது வெளியே தெரிய வேண்டும். நூலகத்தின் மூலை, கண்ணாடிக் கதவு உள்ள அறை, மரத்தடி பெஞ்சு எல்லாம் சரி. ஆலயத்தின் பின் அறையும் பூட்டிய ஆய்வகமும் வேண்டாம். ஸ்டாஃப் ரூம் வேண்டவே வேண்டாம். கதவைத் தாழிடாதீர்கள். இது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

2. நேரம். வாரத்தில் இரண்டு நாள், மதிய இடைவேளையின் கடைசி 20 நிமிடம் அந்த இடத்தில் நீங்கள் இருப்பீர்கள் என்று வகுப்பில் சொல்லிவிடுங்கள். யாரும் வராவிட்டாலும் போய் உட்காருங்கள். பல வாரங்கள் யாரும் வராமலே போகலாம். வருகிற முதல் பிள்ளை அத்தனை வாரமும் உங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருப்பாள்.

3. நோட்டு. பூட்டி வைக்கிற ஒரு தனி நோட்டு. மதிப்பெண் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறிக்காதீர்கள். அது நாலு பேர் கைக்குப் போகும்.

4. ஆட்கள். பள்ளியில் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். பெயர்கள் அறிவிப்புப் பலகையில் இருந்தும் குழு கூடுவதே இல்லை என்றால், அதைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் நினைவுபடுத்துங்கள். மாணவர் மனசு பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அலுவலக வாசலிலோ சிசிடிவி கேமராவுக்கு நேரேயோ இருந்தால் எந்தப் பிள்ளையும் அதில் காகிதம் போடாது. கழிப்பறைக்குப் போகிற வழியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மாற்றச் சொல்லுங்கள்.

முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றி

திங்கட்கிழமை அசெம்பிளியில் பிள்ளைகள் மயங்கி விழுவதை எல்லாப் பள்ளியிலும் பார்க்கலாம். ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, வெறும் வயிற்றோடு வெயிலில் நிற்கிற பிள்ளை வேறு என்ன செய்யும்?

ஒரு விஷயத்தைப் பல ஆசிரியர்கள் கவனிப்பதில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடும். ஒன்பது வருடம், பத்து வருடம் பள்ளியில் மதியம் சாப்பிட்ட பிள்ளை, பதினொன்றாம் வகுப்புக்கு வந்ததும் டிபன் பாக்ஸ் கொண்டுவர வேண்டும். அம்மா பீடி சுற்றுகிற வீட்டில், அப்பா விடியுமுன் கடலுக்கோ பனைக்கோ போகிற வீட்டில், அது அவ்வளவு எளிதல்ல. ஜூலை மாதம் +1 பையன் மதியம் மைதானத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தால் தனிமையில் நாட்டம் என்று முடிவு கட்டாதீர்கள். டப்பா இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆகவே எந்தப் பிள்ளையிடமும் பேசத் தொடங்கும்போது மூன்று கேள்விகள்: காலையில் என்ன சாப்பிட்டாய்? நேற்று ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தாய்? உடம்புக்கு ஏதாவது செய்கிறதா? இதற்குப் பதில் சொல்ல எந்தப் பிள்ளையும் பயப்படுவதில்லை. பெண்பிள்ளையாக இருந்தால் மாதவிடாய் வலி, ரத்தசோகை, நாப்கின் வாங்கக் காசில்லாமை இவையும் இந்த மூன்றாம் கேள்விக்குள் வரும். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

குறிப்பு: மேசை டிராயரில் ஒரு பாக்கெட் பிஸ்கட், வேர்க்கடலை மிட்டாய் வைத்திருங்கள். கொடுக்கும்போது மற்றவர்கள் முன்னால் கொடுக்காதீர்கள். “இந்த நோட்டைக் கொண்டுவந்து வை” என்று தனியே கூப்பிட்டுக் கொடுங்கள்.

வருகைப் பதிவேட்டைப் படிக்கும் முறை

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பத்து நிமிடம் போதும்.

1. அந்த மாதப் பக்கத்தை விரித்து, மேலிருந்து கீழாக அல்ல, ஒவ்வொரு பெயருக்கும் இடமிருந்து வலமாகப் பாருங்கள்.

2. ஒரே கிழமையில் லீவு வருகிறதா? திங்கள் என்றால் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். விளையாட்டுப் பாடவேளை உள்ள நாள் என்றால் அங்கே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். செவ்வாய்தோறும் வராத ஒரு பையனைப் பற்றி விசாரித்தபோது, அன்று சந்தையில் மூட்டை தூக்கப் போகிறான் என்று தெரிந்தது. சோம்பேறி என்று பெயர் வாங்கியிருந்தான்.

3. நன்றாக வந்துகொண்டிருந்த பெயருக்கு எதிரே திடீரென்று மூன்று நாள் இல்லையா? அன்று மாலையே போன் செய்யுங்கள்.

4. கூடவே நான்கு மாற்றங்களைத் தேடுங்கள். கையெழுத்துக் கோணிப்போவது. உட்காரும் இடம் மாறுவது. சித்திரை வெயிலிலும் முழுக்கை போடுவது. உயிருக்குயிரான சிநேகிதியோடு பேச்சு நின்றுபோவது. ஒன்று மட்டும் இருந்தால் கவனியுங்கள். இரண்டு சேர்ந்து வந்தால் பேசுங்கள்.

அமைதியான பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். குறும்பு செய்கிறவனை எல்லோரும் கவனிப்போம். ஜெபக்கூட்டத்தில் முன்வரிசையில் நின்று பாடுகிற, வேதாகமத் தேர்வில் முதல் பரிசு வாங்குகிற, ஆயர் வீட்டுப் பிள்ளை நன்றாகத்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொள்வோம். என் அனுபவத்தில் மிகத் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறவர்கள் அவர்கள்தான். அழுதால் விசுவாசம் குறைவு என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்து அழாமலே இருப்பார்கள்.

பேச உட்காரும்போது

1. கூப்பிடுவது. வகுப்பில் எழுந்து நிற்க வைத்து “இடைவேளையில் என்னை வந்து பார்” என்று சொல்லாதீர்கள். நாற்பது பேர் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பார்கள். நோட்டுத் திருத்தித் தரும்போது மெதுவாகச் சொல்லுங்கள்.

2. உட்காருவது. மேசைக்கு அந்தப்பக்கம் நீங்கள், இந்தப்பக்கம் நின்றுகொண்டு பிள்ளை என்று இருக்கக் கூடாது. இரண்டு நாற்காலி, ஒரே உயரம், கொஞ்சம் சாய்வாக. நேருக்கு நேர் பார்த்துப் பேசப் பையன்களுக்குக் கூச்சம் அதிகம். அவர்களோடு நடந்துகொண்டே, அல்லது புத்தகம் அடுக்கிக்கொண்டே பேசலாம்.

3. முன்னறிவிப்பு. பிள்ளை வாய் திறக்குமுன் இதைச் சொல்லிவிடுங்கள்: “நீ சொல்றதை நான் ஊரெல்லாம் சொல்ல மாட்டேன்மா. ஆனா உன் உயிருக்கோ உடம்புக்கோ, வேற பிள்ளைக்கோ ஆபத்துன்னா, உதவி செய்யக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். சொல்றதுக்கு முன்னால உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.”

4. கண்ணால் பார்த்ததைச் சொல்வது. “உனக்கு என்ன பிரச்சினை?” என்று கேட்டால் “ஒண்ணுமில்ல டீச்சர்” என்றுதான் வரும். “ரெண்டு வாரமா நீ கடைசி பெஞ்சுக்குப் போயிட்ட. சாப்பாட்டையும் பாதியில மூடி வச்சிடுற. அதான் கூப்பிட்டேன்” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள்.

5. சும்மா இருப்பது. இதுதான் ஆசிரியர்களுக்கு மிகக் கஷ்டம். மௌனம் அரை நிமிடம் நீண்டாலே பாடம் நடத்தத் தொடங்கிவிடுகிறோம். மனதுக்குள் அறுபது வரை எண்ணுங்கள்.

6. ‘ஏன்’ வேண்டாம். ‘ஏன் அங்கே போனாய்’, ‘ஏன் அப்போதே சொல்லவில்லை’ என்பதெல்லாம் பிள்ளையின் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும். “அப்புறம் என்ன ஆச்சு?” போதும்.

7. முடிப்பது. அடுத்து என்ன என்பதில் ஒன்றையாவது அந்தப் பிள்ளையே தேர்ந்தெடுக்க விடுங்கள். அம்மாவிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா, இருவரும் சேர்ந்து சொல்வோமா? மறுபடி எப்போது பார்ப்போம் என்று கிழமை குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அந்தக் கிழமையை மறக்காதீர்கள்.

அடிக்கடி செய்யும் தவறுகள்

“சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்ற வாக்கு. கொடுத்தால் சட்டத்தை மீற வேண்டியிருக்கும், அல்லது பிள்ளையிடம் பொய் சொன்னவராக வேண்டியிருக்கும். இரண்டும் வேண்டாம்.

ஒப்பிடுவது. “உன் அக்கா இங்க படிக்கும்போது...” என்ற வாக்கியத்தோடு பேச்சு முடிந்துபோகும்.

பெற்றோரை உடனே வரவழைப்பது. பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் பிள்ளை அடிபடுவது அந்த வீட்டில்தான் என்றால்? காதல் கடிதம் பிடிபட்ட மறுநாள் படிப்பையே நிறுத்திக் கல்யாணம் பேசிவிடுகிற வீடு என்றால்? முதலில் விசாரியுங்கள், பிறகு அழையுங்கள்.

எல்லாவற்றையும்விட நம் பள்ளிகளுக்கே உரிய தவறு ஒன்று உண்டு: ஜெபக் குறிப்பு. காலையில் ஆசிரியர் ஜெபத்தில், “பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவில் ஒரு பிள்ளை, அப்பா இன்னொரு குடும்பத்தோடு போய்விட்டார், அவளுக்காக ஜெபிப்போம்” என்று நல்ல மனதோடுதான் சொல்வோம். பதினோரு மணிக்குள் அது யார் என்று பள்ளிக்கே தெரிந்துவிடும். மாலையில் சபைக்கும் தெரியும். நான் இளம் ஆசிரியையாக இருந்தபோது இதைச் செய்தேன். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூட என்னிடம் பேசவில்லை. பெயர் சொல்லாவிட்டாலும் வகுப்பு, ஊர், அப்பாவின் தொழில் எதையும் சொல்லாதீர்கள். “துயரத்தில் இருக்கிற நம் பிள்ளைகளுக்காக” என்றால் ஆண்டவருக்குப் புரியும்.

ஜெபம் எப்போது, எப்படி

ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடமும் நேரமும் முறையும் அறிந்து செய்ய வேண்டும் என்கிறேன்.

நம் வகுப்புகளில் இந்துப் பிள்ளைகளும் இஸ்லாமியப் பிள்ளைகளும் நிறைய இருக்கிறார்கள். பல பள்ளிகளில் அவர்களே பெரும்பான்மை. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், மாணவர் விரும்பாமல், 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் இல்லாமல், மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(3) கூறு. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். கஷ்டத்தில் இருக்கிற பிள்ளை எதற்கும் தலையாட்டும். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அநியாயம்.

கிறிஸ்தவப் பிள்ளையிடமும் கேட்டுவிட்டே செய்யுங்கள்: “ஜெபம் பண்ணட்டுமா, இல்ல இன்னைக்குப் பேசினதே போதுமா?” பேச்சின் கடைசியில், மூன்று வரியில். பிள்ளை சொன்னதை ஜெபத்துக்குள் புத்திமதியாக மாற்றாதீர்கள். “இவளுக்குக் கீழ்ப்படிகிற இருதயத்தைத் தாரும்” என்று கண்மூடிச் சொன்னால் அது ஆண்டவரிடம் கேட்பதல்ல, அவளைக் கண்டிப்பது.

மருத்துவம் தேவையான இடத்தில் ஜெபத்தை மட்டும் வைத்துக் காலம் தாழ்த்தக் கூடாது. வலிப்பு வந்த பிள்ளையை அசுத்த ஆவி என்று எண்ணி ஜெபக் குழுவிடம் கொண்டுபோன நிகழ்ச்சிகள் நம் ஊர்களில் இருக்கின்றன. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், சாவியோ இரும்போ கையில் கொடுக்காதீர்கள். மணி பாருங்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் படிப்பும் கெட்டுப்போன பிள்ளைக்கு மனநல மருத்துவர் தேவைப்படலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது; கட்டணம் இல்லை.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால்

“இனிமே நான் இருந்து என்ன”, “எல்லாருக்கும் நான்தான் பாரம்” என்ற பேச்சு, பிடித்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, காரணமில்லாமல் எல்லோரிடமும் விடைபெறுவதுபோல் நடப்பது, கையில் கீறல்கள். இவற்றில் எதைக் கண்டாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

1. நேராகக் கேளுங்கள்: “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். கேட்கப்படுவதே பல பிள்ளைகளுக்கு ஆறுதல்.

2. ‘ஆம்’ என்றால் அதிர்ச்சியை முகத்தில் காட்டாதீர்கள். அது பாவம் என்று அந்த நேரத்தில் சொல்லாதீர்கள். “இதை என்கிட்ட சொன்னது நல்லது” என்று சொல்லுங்கள்.

3. எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். யோசித்து வைத்திருந்தால் ஆபத்து மிக அருகில்.

4. தனியாக விடாதீர்கள். கழிப்பறைக்குப் போனாலும் வாசலில் ஒருவர் நிற்கட்டும். பள்ளி மணி அடித்தாலும் தனியாக பஸ் ஏற்றி அனுப்பாதீர்கள்.

5. தலைமையாசிரியருக்குச் சொல்லிவிட்டுப் பெற்றோரை நேரில் வரச் சொல்லுங்கள். போனில் விவரம் வேண்டாம். வந்ததும் திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வீட்டில் உள்ள பூச்சிமருந்து, எலிமருந்து, மாத்திரைகளை அன்றே அப்புறப்படுத்தவோ பூட்டவோ சொல்லுங்கள். விவசாய வீடுகளில் இந்த ஒரு வேலை உயிர் காக்கும்.

6. அன்றே மருத்துவரிடம். போக வழி தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

7. முயற்சி செய்து பிழைத்த பிள்ளை திரும்பி வரும் நாளுக்கு முன்பே வகுப்பைத் தயார்செய்யுங்கள். கேள்வி கேட்காமல் வழக்கம்போல் பேச வேண்டும், அவ்வளவுதான். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பெற்றோர் மறைப்பார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படிச் செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி, தண்டனையிலிருந்து காக்கிறது. இதைப் பெற்றோரிடம் சொன்னால் சிகிச்சைக்கு வருவார்கள்.

தேர்வு முடிவு நாளுக்குத் தனித் திட்டம் வேண்டும். மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பை அரசு 2017இல் நிறுத்தியது. நம் பள்ளி வாசல்களிலும் முதல் மூவரின் பேனர் தொங்க வேண்டாம் என்பது என் கருத்து. தவறக்கூடும் என்று நீங்கள் நினைக்கிற ஐந்தாறு பெயரை முந்தைய நாளே எடுத்துவையுங்கள். முடிவு வந்த அரை மணிக்குள் முதல் போன் அவர்களுக்கு. வாழ்த்துப் போன்கள் மாலையில் போகலாம். பேசும்போது துணைத்தேர்வு பற்றிய விவரம் கையில் இருக்கட்டும். இதே வருடம் மேலே படிக்க வழி இருக்கிறது என்பது அந்த நேரத்தில் எந்த ஆறுதல் வார்த்தையைவிடவும் பெரியது.

பாலியல் துன்பம் பற்றித் தெரியவந்தால்

இங்கே உங்கள் விருப்பப்படி செய்ய எதுவும் இல்லை. 2012ஆம் ஆண்டு பாக்சோ சட்டம் என்ன சொல்கிறதோ அதைத்தான் செய்ய வேண்டும்.

1. பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். தோண்டிக் கேட்காதீர்கள். “நீ சொல்றதை நம்புறேன். இது உன் தப்பு இல்ல” என்று சொல்லுங்கள்.

2. பிள்ளை பயன்படுத்திய சொற்களையே அப்படியே எழுதுங்கள். தேதி, நேரம், யார் இருந்தார்கள், உங்கள் கையெழுத்து.

3. காவல் நிலையத்துக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் கொடுங்கள். 19ஆம் பிரிவின்படி இது ஒவ்வொருவரின் கடமை. நிரூபணம் தேவையில்லை, நடந்தது தெரியவந்தாலோ நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ போதும். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். தன்கீழ் வேலை செய்கிறவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை சிறையும் அபராதமும். 1098க்கும் சொல்லுங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும் அதன் வழியே வந்து சேரும்.

4. பெயரையோ அடையாளம் தெரியும் எதையுமோ யாரிடமும் சொல்லாதீர்கள். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூட வேண்டாம்.

5. பிள்ளையைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போக வேண்டியதில்லை என்று பெற்றோருக்குச் சொல்லுங்கள். வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வந்து, கூடியவரை பெண் அதிகாரியே வாக்குமூலம் வாங்க வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

குற்றம் சாட்டப்படுகிறவர் ஆசிரியராக, வார்டனாக, ஆயராக, பங்குத்தந்தையாக இருந்தாலும் இதே ஐந்து படிதான். மேலிடத்துக்குத் தெரிவித்து அனுமதி கேட்டுக் காத்திருக்கும் படி எதுவும் சட்டத்தில் இல்லை. “சபையின் பெயர் கெட்டுவிடும்”, “மன்னிக்கக் கற்றுக்கொள்”, “இடமாற்றம் பண்ணிவிட்டோம்” என்ற மூன்று வாக்கியங்களும் பிள்ளையின் வாயை மூடப் பயன்பட்டிருக்கின்றன. மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை. அதை வேறு யாரும் அவள் சார்பில் கொடுக்க முடியாது, கேட்கவும் கூடாது.

கையில் கட்டிய கயிறு

தென் மாவட்டங்களில் வேலை செய்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக முடியாது. கையில் நிறக் கயிறு, சைக்கிளில் ஸ்டிக்கர், நெற்றியில், பனியனில் சாதி அடையாளம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளியில் தனக்கு நடந்த கொடுமையைச் சொன்ன தலித் மாணவனை உடன்படித்த மாணவர்களே வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறு முதலிய அடையாளங்களைத் தடுக்கவும், ஆசிரியர்களுக்கு இதுபற்றிப் பயிற்சி தரவும் பரிந்துரைத்தது.

நமக்கு நாங்குநேரியில் உள்ள பாடம் நேரம் பற்றியது. புகார் வந்த அன்று மாலை புகார் சொன்ன பிள்ளை எப்படி வீட்டுக்குப் போகிறான், இரவு அங்கே யார் இருக்கிறார்கள் என்பதை முடிவு செய்யாமல் எதிர்த் தரப்பைக் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது. மிரட்டல் இருந்தால் காவல் நிலையத்துக்கு அன்றே சொல்லுங்கள். இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கைகுலுக்கச் சொல்லி, ஒரு ஜெபம் செய்து முடித்துவிடுவது சமாதானமல்ல.

கிறிஸ்தவப் பிள்ளைகள் கையில் கயிறு இல்லையே என்று நிம்மதி கொள்ளாதீர்கள். எந்தத் தெருவுக்கு எந்த ஆலயம், எந்தக் கல்லறைத் தோட்டம் என்பதைப் பார்த்தே அவர்களும் வளர்கிறார்கள். யார் யாரோடு டப்பா பகிர்கிறார்கள், யார் தண்ணீர் பாட்டிலில் யார் வாய் வைப்பதில்லை என்று ஒரு வாரம் கவனியுங்கள். பெஞ்சு இடத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் மாற்றுங்கள். உதவித்தொகை விண்ணப்பத்துக்காகச் சாதியை வகுப்பில் உரக்கக் கேட்காதீர்கள். அலுவலகத்தில் தனித்தனியாக வாங்கலாம்.

போர்டிங் பிள்ளைகள்

விடுதிப் பொறுப்பு உங்களுடையதாக இல்லாவிட்டாலும் விடுதிப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். முதல் ஆறு வாரம்தான் கடினம். வீட்டு நினைவு வயிற்று வலியாக வரும், காய்ச்சலாக வரும். நடிக்கிறாள் என்று சொல்லாதீர்கள், வலி உண்மையானது. பார்வையாளர் ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை, யாருக்கு யாரும் வரவில்லை என்று வார்டனிடம் கேளுங்கள். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சின்ன வேலை ஒன்று கொடுங்கள். ஐந்து மணிக்கு எழுப்பி ஜெபம், பதினொன்று வரை படிப்பு என்று கால அட்டவணை இருந்தால் பிள்ளைகள் எட்டு மணி நேரம் தூங்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் வாதாடுங்கள். உபவாச ஜெபத்தில் வளரும் பிள்ளைகளைப் பட்டினி போடக் கூடாது.

எழுதி வைப்பதும், உங்கள் பாரமும்

ஒவ்வொரு பேச்சுக்கும் ஐந்து வரி போதும்: தேதி, பார்த்தது, பிள்ளை சொன்னது, நீங்கள் செய்தது, அடுத்துப் பார்க்கும் நாள். ‘பொய் சொல்கிறாள் போலிருக்கிறது’ போன்ற உங்கள் ஊகம் வேண்டாம். இடமாற்றம் வந்தால் நோட்டைப் பாதுகாப்புக் குழுவிடம் ஒப்படையுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

உங்கள் சொந்தப் போன் எண்ணில் இரவு பத்து மணிக்கு மாணவருடன் வாட்ஸ்அப்பில் பேசுவது இருவருக்குமே நல்லதல்ல. அவசரத்துக்கு உதவி எண்கள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொரு பிள்ளையின் கையேட்டிலும் எழுத வையுங்கள். கேட்டது தாங்க முடியாமல் தூக்கம் கெட்டால், பெயர் சொல்லாமல், நம்பிக்கையான ஒரு மூத்த ஆசிரியரிடம் பேசுங்கள். 14416 ஆசிரியர்களுக்கும்தான்.

இந்தப் பக்கத்தை மூடுமுன் உங்கள் வருகைப் பதிவேட்டின் உள் அட்டையில் இவற்றை எழுதுங்கள்: குழந்தைகள் உதவி 1098, மனநல உதவி 14416, பள்ளிக் கல்வி உதவி 14417, மருத்துவ ஆலோசனை 104, ஆம்புலன்ஸ் 108. பக்கத்துக் காவல் நிலைய எண்ணையும் சேர்த்து எழுதிவிட்டு, நாளைக் காலை பெயர் கூப்பிடும்போது ஒவ்வொரு பெயருக்கும் தலையை நிமிர்த்தி அந்த முகத்தைப் பாருங்கள்.